கண்காணியின் கண்ணும் கந்தோரின் ‘உப’வும்: மாத்தளைப் பகுதியில் பதவிப்பெயர் முன்னொட்டுகளின் சரித்திரம்

ஆங்கில பாஷையைப் புதிதாகக் கற்கும் தமிழ் மாணாக்கன் ஒருவனும் சீன மாணாக்கன் ஒருவனும், ஒருவரையொருவர் அறியாதவராயிருந்தும், ஒரே இடத்தில் கால் இடறி நிற்பதுண்டு. வைஸ், டெப்யூட்டி, சப், அண்டர், அசிஸ்டன்ட் என்று பதவிப்பெயர்களின் தலைப்பில் வந்து அமரும் சொற்களும் சொல்லுறுப்புகளும் ‘அடுத்த ஸ்தானத்தில் உள்ளவர்’ என்னும் ஒரே கருத்தைத் தருவனபோலத் தோன்றினும், ஒன்று நிற்கவேண்டிய இடத்தில் மற்றொன்றை நிறுத்தினால் பிழையாகிவிடுவதே அவ்விடம். சீன பாஷையில் ‘ஃபூ’ என்னும் ஒரே சொல், தலைவர், அமைச்சர், பேராசிரியர் ஆகிய எல்லாப் பதவிகளின் முன்னும் நின்று இப்பணியைச் செய்துவிடுகின்றமையால், இணைப்பேராசிரியரை ஆங்கிலத்தில் ‘வைஸ் புரொபெசர்’ என்று எழுதும் பிழை சீன மாணாக்கனுக்கு மிக எளிதாக நேர்கிறது. தமிழ்நாட்டு மாணாக்கனுக்கோ ‘துணை’ என்னும் சொல் ஏறத்தாழ அதே உபகாரத்தையும் அதே அபகாரத்தையும் ஒருங்கே செய்கிறது. இலங்கைத் தமிழ் இவ்விஷயத்தில் வேறு வழியிற் சென்றது. உதவி, உப, பிரதி, பதில், மேலதிக என்று பல முன்னொட்டுகளை வகுத்து, அவற்றுள் ஒன்றின் இடத்தை மற்றொன்று எளிதிற் கொள்ளாதவாறு அது வரையறை செய்துகொண்டது. இவ்வழக்கின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர்க்கு மாத்தளை மாவட்டத்தைப் போலப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் துணிபு. ஏனெனில் மேல் கீழ் என்னும் நிலைமையைச் சொல்லாற் குறிக்கும் மூன்று வெவ்வேறு முறைகள் அம்மண்ணில் வந்து கலந்துள்ளன.

முதலில் இலக்கணத்தைச் சிறிது நோக்குவோம். தமிழ் ஒட்டுகளைப் பெரும்பாலும் சொல்லின் பின்னே சேர்க்கும் பாஷை. வேற்றுமை உருபும், இடைநிலையும், விகுதியும் பகுதிக்குப் பின்னரே வருவன. 1856ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் திராவிட பாஷைகளின் இயல்பாக விரித்துரைத்தவற்றுள் இதுவும் ஒன்று. அம்மலை, இம்மலை, எம்மலை என்பவற்றில் முன்வரும் சுட்டும் வினாவும் ஒழிந்தால், தமிழில் முன்னொட்டுப்போலத் தோன்றுவன யாவும் உண்மையில் முழுச் சொற்களே. மேல், கீழ், முன், பின், உள், புறம் என்பவை தனித்து நின்றும் பொருள் தரும் பெயர்கள். சமஸ்கிருதமோ பிர, பரா, அப, சம், அநு, அதி, உப, பிரதி முதலாக இருபத்திரண்டு உபசர்க்கங்களை வகுத்துக்கொண்ட பாஷை. ஆதலால் ஆங்கிலத்தின் முன்னொட்டுகளை எதிர்கொண்ட தமிழுக்கு இரண்டு வழிகளே இருந்தன. தன்னுடைய முழுச்சொல் ஒன்றை எடுத்து முன்னே நிறுத்துதல் ஒன்று. வடமொழியிலிருந்து உபசர்க்கத்தைக் கடன் பெறுதல் மற்றொன்று. தோட்டத்து மக்கள் முதல் வழியையும் கந்தோர் உத்தியோகத்தர்கள் பெரும்பாலும் இரண்டாம் வழியையும் மேற்கொண்டனர்.

அவ்வாறு கடன் பெற்ற ‘உப’ என்பதன் பழைமை மாத்தளையில் தனித்த மதிப்புடையது. மாத்தளை நகரின் வடக்கே அண்மையில் உள்ள அலுவிகாரையிலேதான், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்வழியாக ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது பௌத்த மரபு. உபாசகர், உபசம்பதை, உபோசதம் என்று அவ்வேடுகளில் வழங்கும் சொற்களின் தலையில் நிற்கும் உபசர்க்கமே, இன்று அதே வீதியிற் செல்லும் தபாற்காரரின் கந்தோர்ப் பலகையில் ‘உப தபாலகம்’ என்று நிற்பது. இன்னும் ஒரு விசேஷம்: வடமொழி உப, கிரேக்க ஹைப்போ, இலத்தீன் சப் ஆகிய மூன்றும் ஒரே ஆதிச் சொல்லின் வழிவந்தவை என்பது ஒப்பியல் பாஷா நூலார் யாவரும் ஒப்பிய முடிபு. எனவே ஆங்கிலத்தின் ‘சப்’ என்பதற்கு ‘உப’ என்று எழுதிய மொழிபெயர்ப்பாளர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு சொல்லை அதன் உடன்பிறப்போடு சேர்த்து வைத்தார். ஆயினும் உடன்பிறப்புகளின் குணம் ஒன்றாக இருந்துவிடவில்லை. இலத்தீன் சப் ‘கீழே’ என்னும் கருத்தில் உறைந்துபோக, வடமொழி உப ‘அருகே’ என்னும் கருத்தை விடாது பற்றி நின்றது. உபவாசமும், உபநிடதமும், உபநயனமும் அருகிருத்தலையும் அணுகுதலையுமே அடியாகக் கொண்டவை. ‘சப்’ என்பவர் அடியில் இருப்பவர். ‘உப’ என்பவர் அண்டையில் இருப்பவர். ஆங்கிலச் சொல்லின் கீழ்மை தமிழில் வரும்போது சிறிது தணிந்துவிடுவது இதனாலேயே.

இனி மூன்று முறைகளுள் மிகப் பழையது சிங்களவருடையது. அது நிலத்தின் உயரத்தைக் கொண்டு பெயரிடுவது. ‘உட’ என்றால் மேல், ‘பல்லே’, ‘யட்ட’ என்றால் கீழ். மாத்தளையின் பழைய பிரிவுகளில் அஸ்கிரி உடசிய பத்து, அஸ்கிரி பல்லேசிய பத்து என்பன இணையாக நின்றன. இன்றைய பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களிலும் பல்லேபொல, யட்டவத்தை, லக்கல-பல்லேகம என்று கீழ்மை குறிக்கும் முன்சொல் தொடர்ந்து வாழ்கிறது. அண்டையிலுள்ள கண்டிப் பகுதியின் உடதும்பறை, பாததும்பறை என்பவையும் இவ்வகையினவே. இங்கே மேல் கீழ் என்பது மலையின் சாய்வே ஒழிய மனிதரின் தரம் அன்று என்பதைக் குறித்துக்கொள்வதற்கு அப்பால் இம்முறையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை.

தோட்டத் தமிழரின் முறையோ நின்று நோக்கத் தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நாட்கணக்காக நடந்து, பசியாலும் வாந்திபேதியாலும் வழியெங்கும் தம்மவரைப் பறிகொடுத்து, தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். மலைநாட்டின் வாயில் அவர்களுக்கு மாத்தளையே. 1880இல் புகையிரதப் பாதை கண்டியிலிருந்து மாத்தளை வரை வந்ததும், 1914இல் தலைமன்னார் மார்க்கம் திறந்ததும் அவ்வாயிலின் முக்கியத்துவத்தைக் குறைத்தன. எனினும் வழிநடைப் பயணத்தின் ஞாபகம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைச் சூழ்ந்து இன்றும் வாழ்கிறது. அவ்வாறு வந்தோரை அழைத்து வந்தவர் கங்காணி. அவர் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தவராதலால், தோட்டத்தின் அதிகார அடுக்கு முதலில் உறவுமுறை அடுக்காகவே அம்மக்களின் கண்ணுக்குத் தோன்றியிருத்தல் வேண்டும் என்று கொள்வதற்கு அவர்கள் ஆண்ட சொற்களே சான்று.

தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரர் ‘பெரிய துரை’. அவருக்கு அடுத்தவர் ‘சின்ன துரை’. ஆங்கிலத்தில் முன்னவர் சூப்பிரின்டென்ட், பின்னவர் அசிஸ்டன்ட். மேலிருந்து பார்ப்பவர், பக்கத்தில் நின்று உதவுபவர் என்று அவ்விரு சொற்களும் இலத்தீனில் கொண்டிருந்த பொருளை மக்கள் நோக்கவேயில்லை. பெரியப்பா, சின்னப்பா, பெரியம்மா, சின்னம்மா என்று வீட்டில் வழங்கும் வரிசையை எடுத்துத் துரைமார் மேல் வைத்தனர். வீட்டில் பெரியப்பாவும் சின்னப்பாவும் ஒருவருக்கொருவர் கீழ்ப்பட்டவரல்லர். வயதால் முந்தியவரும் பிந்தியவருமே. இந்த வரிசைமுறை சீன மக்களுக்கும் அந்நியமானதன்று. சீனத்திலும் பழகியவர்களின் குடும்பப்பெயரின் முன் மூத்தவராயின் ‘லாவ்’ என்றும் இளையவராயின் ‘சியாவ்’ என்றும் சேர்த்து அழைப்பர். லாவ் என்பது முதுமை, சியாவ் என்பது சிறுமை. சீனத்துக்கும் தமிழுக்கும் உள்ள இந்த ஒற்றுமை வெறும் தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் 1409ஆம் ஆண்டைக் குறித்துச் சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொறிக்கப்பட்டு, 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டிருக்கும் கல்வெட்டை நினைக்கும்போது, இவ்விரு பாஷைகளையும் அருகருகே வைத்து நோக்கும் எண்ணம் இத்தீவில் இயல்பாகவே எழுகிறது.

கங்காணிகளிலும் இவ்வாறே பெரிய கங்காணி உண்டு. ஆனால் அவருக்குக் கீழ்ப்பட்டவரைச் சின்னக் கங்காணி என்னாது ‘சில்லறைக் கங்காணி’ என்றனர். ஆங்கிலத்தில் சப்-கங்காணி என்று வறண்டு கிடக்கும் இப்பதவி தமிழில் பணத்தின் உவமையைப் பெற்றுவிட்டது. பெருநோட்டைச் சில்லறையாக மாற்றுவதுபோல, பெரிய கங்காணியின் அதிகாரம் சிறு சிறு கூட்டங்களின் தலைவர்களிடையே மாற்றப்பட்டது. ‘கீழ்’, ‘அருகு’, ‘பதில்’ என்னும் எந்தக் கருத்தும் இல்லாமல், முழுமையின் பகுதி என்னும் கருத்தால் ஓர் அடுத்த நிலையைக் குறித்த சொல், நான் அறிந்தவரை, இதுவொன்றே. அரை நாள் வேலைக்கு ‘அரைப்பேர்’ என்று அவர்கள் இட்ட பெயரையும் இதனுடன் வைத்து எண்ணலாம். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஒருவரின் பேர் பதிவதே ஒரு நாட் கூலி என்றபடியால், பாதிக் கூலி பாதிப் பேராயிற்று. ஆங்கிலத் தோட்டக்காரர் இதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து ‘ஹாஃப் நேம்’ என்று வழங்கினர்.

இவ்விடத்தில் சரித்திரத்தின் திசை மாறி ஓடியதைக் காண்கிறோம். கற்பவன் தமிழன், கற்கப்படும் பாஷை ஆங்கிலம் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். தோட்டத்திலோ இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொத்லாந்திலிருந்தும் வந்த இளைஞர் தமிழ் கற்கவேண்டியிருந்தது. ‘இங்கே வா’ என்றே பெயர் சூட்டி, சின்னத்துரைமாருக்கான சட்டைப்பை வழிகாட்டி என்று பெர்குசன் பதிப்பகத்தார் கொழும்பில் வெளியிட்ட நூல் அதற்குச் சாட்சி. ஒரு பாஷையின் வாசலில் நிறுத்திவைக்கும் முதல் வாக்கியம் ஏவலாகவே இருந்தது என்பதை மனம் நோகாமல் என்னால் எழுத முடியவில்லை. ஆயினும் அந்நூலின் தலைப்பிலேயே ‘சின்ன’ என்னும் தமிழ் முன்சொல் ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. பி.டி., எஸ்.டி. என்று தோட்டத்துறை ஆங்கிலத்தில் வழங்கும் சுருக்கங்கள் பெரிய துரை, சின்ன துரை என்பவற்றின் தலையெழுத்துகளே.

கங்காணி என்னும் சொல்லை இன்னும் சிறிது பிரித்துப் பார்த்தல் வேண்டும். கண்காணி என்பதே அதன் திருந்திய வடிவம். கண்ணாற் காண்பவர் என்பது பொருள். வீதிவேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தரை இலங்கைத் தமிழர் ‘ஓவசியர்’ என்பர். அது ஆங்கிலத்தின் ‘ஓவர்’ என்னும் முன்னொட்டும் காண்டற்பொருள் தரும் ‘சீ’ என்னும் வினையும் சேர்ந்த சொல்லின் திரிபு. பொலிஸ் சேவையில் ‘அத்தியட்சகர்’ என்று ஒரு பதவி உண்டு. அதி என்னும் உபசர்க்கமும் கண்ணைக் குறிக்கும் அட்சம் என்பதும் சேர்ந்த அத்தியட்சன் என்னும் வடசொல்லிலிருந்து வந்தது அது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற கங்காணியும், கல் உடைக்கும் இடத்தில் நின்ற ஓவசியரும், மாவட்டத்தின் காவலுக்குப் பொறுப்பாக நிற்கும் அத்தியட்சகரும் பெயரால் ஒருவரே, மூவரும் கண். வேறுபாடு முன்னொட்டில் மாத்திரம். ஆங்கிலமும் வடமொழியும் அக்கண்ணை ‘மேலே’ வைத்தன. தமிழ்ச் சொல்லில் மேல் இல்லை, கண் மட்டுமே உள்ளது. ஆங்கிலக் கல்விக்குத் தக்க பாடம் இதில் உண்டு: சூப்பர் என்பது இலத்தீன், ஓவர் என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து, இரண்டும் ஒரே குலம். சூப்பர்வைஸர் என்பதும் ஓவர்சீயர் என்பதும் உறுப்புக்கு உறுப்பு ஒத்த சொற்கள் என்பதை மாணாக்கன் ஒருமுறை கண்டுகொண்டால், மேற்பார்வையாளர் என்னும் தமிழ்ச்சொல்லையும் அவற்றின் அருகே அவனாகவே வைத்துவிடுவான்.

இனிக் கந்தோருக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் மத்திய மாகாணத்துக்கு அரசாங்க ஏஜண்டர் கண்டியில் இருக்க, மாத்தளைக்கு உதவி ஏஜண்டர் ஒருவரே இருந்தார். அதாவது மாவட்டத்தின் தலைமைப் பதவியே முன்னொட்டுப் பெற்ற பதவியாக இருந்தது. ஏஜண்டர் என்பதைத் தமிழ் பின்னர் ‘அரசாங்க அதிபர்’ ஆக்கிக்கொண்டது. தேசாதிபதி, மகாதேசாதிபதி, ஜனாதிபதி, காரியாதிகாரி, தபாலதிபர், பாடசாலை அதிபர் என்று இலங்கைத் தமிழின் அதிகாரப் பெயர்கள் எங்கும் ‘அதி’ என்னும் இவ்வுபசர்க்கமே கோலோச்சுகிறது. இங்கே ஒரு நுட்பம். வடமொழியில் மேலாண்மை குறிக்கும் ‘அதி’ வேறு, கடத்தலையும் மிகுதியையும் குறிக்கும் ‘அதி’ வேறு. அதிபதி என்பதில் முன்னது. அதிசயம் என்பதில் பின்னது. தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டமையால், அதிபர் என்பவர் ஏதோ அதிகமானவர் என்று மாணாக்கர் எண்ணிக்கொள்கின்றனர்.

1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டில் சுவாமி விபுலாநந்தர் முன்னின்று நடத்திய பணி, ஈழத்தவர் கலைச்சொல்லாக்கத்தில் கொண்ட ஊக்கத்துக்கு எடுத்துக்காட்டு. ஆயினும் நிருவாகச் சொற்களை நிலைபெறச் செய்தது அரசியலே. 1956இல் சிங்களம் மாத்திரம் அரசகரும பாஷையாயிற்று. 1958இல் தமிழ் உபயோகத்துக்கு விசேஷ ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும பாஷை என்றது. இக்காலப் பகுதியில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. சிங்களத்தில் ‘உப’, ‘நியோஜ்ய’, ‘சஹகார’ என்று மூன்று முன்சொற்கள் சப், டெப்யூட்டி, அசிஸ்டன்ட் என்பவற்றுக்கு நின்றமையால், தமிழும் அம்மூன்றுக்கும் உப, பிரதி, உதவி என மூன்றை நிறுத்தவேண்டிய அவசியம் எழுந்தது. இதன் பயனைப் பொலிஸ் சேவையின் ஒரே ஏணியிற் காணலாம்: பிரதிப் பொலிஸ் மா அதிபர், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், உப பொலிஸ் பரிசோதகர். தமிழ்நாட்டில் ‘உதவி ஆய்வாளர்’ என்னும்போது ‘சப்’ என்பது ‘உதவி’ ஆகிறது. ‘சார்பதிவாளர்’ என்னும்போது அதே ‘சப்’ வேறொன்றாகிறது. தனித்தமிழ் என்ற நோக்கில் தமிழ்நாட்டு வழக்கு உயர்ந்ததாக இருக்கலாம். ஆங்கிலப் பதவியைத் தமிழிலிருந்து பிழையின்றி மீட்டெடுக்கும் நோக்கில் இலங்கை வழக்கே சிறந்தது என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அவ்வழக்கிலும் ஒரு முரண் உண்டு. ஆங்கிலத்தின் ‘வைஸ்’ இலத்தீனில் ‘ஒருவரின் இடத்தில்’ என்று பொருள்படுவது. வடமொழியில் அதற்கு நேரானது ‘பிரதி’. முன்னோர் இதை அறிந்தே வைஸ்ராயை இராசப்பிரதிநிதி என்றனர். பின்வந்தோரோ சங்கங்களின் வைஸ்-பிரெசிடென்டை ‘உப தலைவர்’ ஆக்கி, பிரதியை டெப்யூட்டிக்குக் கொடுத்துவிட்டனர். பாராளுமன்றத்தில் பிரதிச் சபாநாயகர் இருப்பதும், ஒரே பாடசாலையில் பிரதி அதிபர், உப அதிபர் என இருவர் இருப்பதும் இப்பங்கீட்டினாலேயே. பிரதி என்னும் சொல்லுக்கோ பொருட்பரப்பு பெரிது. பிரதிவாதியில் அது எதிர்; பிரதிதினத்தில் ஒவ்வொன்று; பிரதியுபகாரத்தில் ஈடு; கைப்பிரதியில் நகல். இவற்றுள் நகலுக்கும் பதவிக்கும் உள்ள உறவு என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. சீனத்தில் ‘ஃபூ’ என்னும் அதே சொல்தான் ‘ஃபூ-பென்’ என்னுமிடத்து மூலத்தின் பிரதியைக் குறிக்கிறது. பத்திரத்தின் நகலும் பதவியின் அடுத்தவரும் ஒரே சொல்லால் வழங்கப்படுவது இலங்கைத் தமிழிலும் சீனத்திலும் ஒருங்கே காணப்படுகிறது. மூலம் இல்லாவிடத்து அதன் அதிகாரத்தோடு நிற்பதே நகலின் தன்மையாதலால், இக்கருத்து ‘அடியில் இருப்பவர்’ என்பதினும் எவ்வளவோ கண்ணியமானது.

‘பதில்’ என்பது அறபியின் ‘பதல்’ என்னும் மாற்றுப்பொருட் சொல்லிலிருந்து வந்தது. பதில் நீதவான் என்பதைக் கேட்கும் தமிழ்நாட்டவர் விடையைக் கருதித் திகைப்பர். இலங்கையிலோ அது ஆங்கிலத்தின் ‘ஆக்டிங்’ என்பதற்கு நிலைத்துவிட்டது. ‘மேலதிக’ என்பதில் தமிழ் மேலும் வடமொழி அதிகமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. உப என்பதும் பதவியோடு நின்றுவிடவில்லை. தம்புள்ளை, கலேவெல, நாவுல விவசாயிகள் பயிரிடும் மிளகாயும் வெங்காயமும் திணைக்கள வழக்கில் ‘உப உணவுப் பயிர்கள்’. சோற்றோடு உண்ணும் கறிவகைகளைச் சீனரும் ‘ஃபூ-ஷி’ என்றே சொல்வர்; இரு நாட்டிலும் சோறே தலைவர், மற்றவை அடுத்த ஸ்தானம்.

இத்தனை தெளிவான வழக்கைத் தாய்மொழியில் உடைய மாத்தளை மாணாக்கனுக்கு ஆங்கிலத்தில் எஞ்சும் இடர்கள் சில. வைஸ் என்பது தீயொழுக்கத்தையும் குறிக்கும். அது வேறொரு இலத்தீன் வேரிலிருந்து வந்து உருவில் மாத்திரம் ஒத்த சொல். சப் என்பது பின்வரும் மெய்க்கேற்பத் திரிந்து சக்ஸீட், சஃபர், சப்போர்ட் என்பவற்றுள் மறைந்து கிடக்கும். நிலைமொழி வருமொழிப் புணர்ச்சியைத் தமிழில் கற்றவனுக்கு இத்திரிபு வியப்பன்று. அண்டர்ஸ்டாண்ட் என்பதிலோ ‘கீழே’ என்னும் பொருளைத் தேடுவது வீண். அங்கே அது பழைய ஆங்கிலத்தின் ‘இடையே, அண்மையில்’ என்னும் பொருளோடு தொடர்புடையது என்று பாஷா நூலார் பலர் கொள்வர். அப்படியாயின் அது நம் ‘உப’வின் குணம்.

சொற்றொகுதிகளை ஆக்கியோர் கற்றறிந்த பெரியோர். அவர்கள் செய்த உபகாரம் பெரிது. எனினும் யாழ்ப்பாணத்துப் பண்டித மரபிலும் வடமொழி அறிவிலும் ஊறிய அவர்களது கண் மலைநாட்டின் வழக்குகள்மீது செல்லவில்லை என்ற குறையை மறைத்தல் நேர்மையாகாது. சில்லறை, பேர், கணக்கு என்று மக்கள் தாமே ஆக்கிய நிருவாகச் சொற்கள் எவ்வளவோ திருத்தமானவையாயிருந்தும், கந்தோர் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. ‘கணக்கு’ என்பது தோட்டத்தில் ‘டிவிஷன்’ என்பதன் தமிழ். மேல் பிரிவு ‘மேற்கணக்கு’, கீழ்ப் பிரிவு ‘கீழ்க்கணக்கு’. பேர் பதியும் கணக்குப் பிரிவுதோறும் தனித்து இருந்தமையை அச்சொல் காட்டுகிறது எனலாம். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே உதவி அரசாங்க அதிபர் பிரிவுகள் பிரதேச செயலகங்களாகிப் பழைய முன்னொட்டு ஒன்று உதிர்ந்தது. மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் உதிரவில்லை. இரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ ஒரு தோட்டத்துக்குக் கொழும்பிலுள்ள மகன் எழுதும் கடிதத்தின் உறையில் தாயின் பெயரை அடுத்து மேற்கணக்கும், அதன் கீழே தோட்டத்தின் பெயரும், அதற்கும் கீழே உப தபாலகத்தின் பெயரும் ஒரே கையெழுத்தில் வரிசையாக இறங்குகின்றன.